இரண்டு கட்டங்களுக்கு நடுவே

செத்தவன் எழுந்து நின்றதை நான் முதலில் பார்த்தது தி.நகரில், ஒரு பஜ்ஜிப் பொட்டலத்தில்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பட்டாளத்திலிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த வாரப் பத்திரிகையில் சிரிப்புப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரும் நர்ஸும், மானேஜரும் ஸ்டெனோவும், பூரிக்கட்டையோடு மனைவி, பீரோவுக்குள் திருடன். ஜோக்கை யாராவது வாசகர் எழுதி அனுப்புவார், நான் அதற்கு மூக்கும் முழியும் வைப்பேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் வாசலில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்பது வழக்கம். அன்றைக்குப் பஜ்ஜியைச் சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு படக்கதை இருந்தது. என்ன பாஷை என்று அப்போது புரியவில்லை, ஜப்பான் பாஷை என்று பிறகுதான் தெரிந்தது. முதல் கட்டத்தில் ஒரு சிப்பாய் பனியில் குப்புறக் கிடந்தான். அடுத்ததில் முட்டி போட்டிருந்தான். அதற்கடுத்ததில் நின்றான். கடைசிக் கட்டத்தில் தோளில் துப்பாக்கியோடு, தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுபோலத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஜ்ஜி கையிலிருந்து விழுந்துவிட்டது. அந்தச் சிப்பாயின் முகம் எனக்குத் தெரிந்த முகம் என்று சொன்னால் அது புளுகு. ஜப்பான்காரன் மூஞ்சிக்கும் நொச்சிக்குப்பத்துக்காரன் மூஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கிடந்த விதம் எனக்குத் தெரியும். ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கழுத்து இடப்பக்கம் திரும்பி. அப்படித்தான் என் சிநேகிதனை நாங்கள் பனிக்குள்ளிருந்து எடுத்தோம்.

அவன் வீடு நொச்சிக்குப்பம். என் வீடு மயிலாப்பூர், கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. நடந்தால் இருபது நிமிஷம். ஆனால் பட்டாளத்தில் சேரும்வரை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவன் கடலுக்குப் போகப் பிடிக்காமல் சேர்ந்தான். நான் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, பாங்குப் பரீட்சை எழுத மாட்டேன் என்று சேர்ந்தேன். எங்களைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் வருஷம் பூரா பனி. குளிரென்றால் மார்கழியில் மூக்கு ஒழுகுவது என்று நினைத்திருந்த இரண்டு பேர். அவன் என்னை ஐயரே என்றுதான் கூப்பிடுவான். தனக்கு வந்த கருவாட்டை எனக்குப் பழக்கிவிட்டதும் அவன்தான்.

சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை காவல் என்னுடையது. நான் கூடாரத்துக்குள் படம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனிக்கு ஏதோ விழா வந்தது. சுவரில் ஒட்டுவதற்காக ஹவில்தாரை எருமைமேல் உட்காரவைத்து ஒரு கேலிப்படம். பாதியில் விட்டுப்போக மனசு வரவில்லை. "எனக்காக ஒரு அரை மணி நேரம் நில்லேன்டா" என்றேன். அவன் அப்போதுதான் தட்டில் சோறு போட்டிருந்தான். தட்டை மூடி வைத்தான். "நீ போடு ஐயரே, நான் நிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே, ஆபத்தென்றால் ஊதுகிற விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனான். மேலிருந்த பனி சரிந்தது.

டியூட்டி மாற்றிக்கொள்வது அங்கே சகஜம். கூட இருந்தவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. அவர்கள் பேசியதெல்லாம் நான் கையுறைகூடப் போடாமல் தோண்டியதைப் பற்றித்தான். அதில் இடது கையில் இரண்டு விரல் நுனிகள் குளிரில் கருகிப்போய், வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதைக் காட்டித்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வரைகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவனுடைய டிரங்குப் பெட்டியை நொச்சிக்குப்பத்துக்குக் கொண்டுபோனது நான்தான். அவன் அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. என் இடது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்புள்ளைக்காவ இந்தக் கைய குடுத்தியே நைனா" என்றாள். அப்புறம், "தன் வேலைய அவன் அடுத்தவன் தலைல கட்ட மாட்டான். செரியாத்தான நின்னுகினு இருந்தான்?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்த நிமிஷத்திலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

அவள் கடற்கரை ரோட்டோரத்தில் பலகை போட்டு மீன் விற்றாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போவேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று. வாய் வராது. நின்றுகொண்டே இருந்தால் அவள் என்ன நினைப்பாள் என்று அரைக் கிலோ சங்கரா மீன் வாங்கிக்கொண்டு திரும்புவேன். எங்கள் வீட்டிலோ வெங்காயத்துக்கே அமாவாசை பார்ப்பார்கள். மந்தைவெளியில் ஒரு தையல்காரர் இருந்தார். வழியில் அவர் கடையில் மீனைக் கொடுத்துவிட்டு வருவேன். நான் எதற்காகக் கொடுக்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என் சட்டைகளை மட்டும் ரொம்ப சிரத்தையாகத் தைத்தார். பையின் நாற்றத்தை வைத்து மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "அந்தப் பையை ஆத்துக்குள்ள கொண்டு வராதேள், வாசல்லயே மாட்டிடுங்கோ" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அவளுக்குச் சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பொட்டலம் கையில் வந்தது. பஜ்ஜிக்காரர் காகிதம் வாங்குகிற இடத்தைச் சொன்னார். அடையாறில் ஒரு பழைய பேப்பர் கடை. அங்கே யாரோ ஜப்பான்காரர் வீட்டைக் காலி பண்ணும்போது போட்டுவிட்டுப் போன புத்தகங்கள், ஒவ்வொன்றும் டெலிபோன் டைரக்டரி தடிமனில், ஒரு சாக்கு நிறைய இருந்தன. "தூக்கினு போ சார். கடலக்காரன்கூட வேணான்றான், மை கைல ஒட்டுது" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தேடியதில் என் சிப்பாய் கிடைத்தான். பஜ்ஜிக் காகிதத்தைக் கிழிந்த இடத்தில் செருகினால் அவன் கதை ஒரு புத்தகத்தில் முழுசாகவே இருந்தது. ஒரு எழுத்துகூடத் தெரியாமல் படித்தேன். பனியில் கிடந்தவன் எழுந்து நிற்கிறான். நிற்கிறான், நிற்கிறான், பக்கம் பக்கமாக நிற்கிறான். அப்புறம் இன்னொரு சிப்பாய் வந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறான். இவன் உள்ளே போய்க் கிண்ணத்தில் சோறு தின்கிறான். ரயில் ஏறுகிறான். கடைசிப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் அவன் அம்மா நிற்கிறாள், இவன் அவள் எதிரில் நிற்கிறான். அவ்வளவுதான் கதை. அதில் யாரும் சாகவில்லை. செத்தவன்கூடச் சாகவில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் கைகால் அலம்பிக்கொண்டு தினமும் ஒருமுறை அதைப் பார்ப்பேன். சில பேர் ஸ்லோகம் சொல்வதில்லையா, அந்த மாதிரி. சாப்பாடு இறங்க ஆரம்பித்தது.

தொழிலுக்கும் அந்தப் புத்தகங்கள்தான் எனக்கு வாத்தியார். நம் படக்கதைகளில் ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது எதையாவது செய்தாக வேண்டும். ஜப்பான்காரர்கள் ஒரு கட்டம் முழுக்க வெறும் ஜன்னலைப் போடுகிறார்கள். ஒரு கட்டத்தில் செருப்பு மட்டும். ஒரு கட்டத்தில் ஆள் போன பிறகு இருக்கிற சாலை. நானும் அப்படிப் போட்டுப் பார்த்தேன். பீரோவுக்குள் திருடன் ஜோக்குக்கு முதலில் ஒரு கட்டத்தில் பீரோவை மட்டும் போட்டேன். ஆசிரியர் என்னை மிலிட்டரி என்று கூப்பிடுவார். "என்ன மிலிட்டரி, ஒரு கட்டத்துல பீரோ சும்மா நிக்குது? பீரோ விளம்பரமா? அவங்ககிட்ட காசு வாங்கினியா?" என்றார். இருந்தாலும் போட்டார். வாசகர்கள் அந்தத் திருடனுக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார்களாம், கடிதம் வந்தது.

ஒருநாள் மனைவி பழைய இதழ்களையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இது யாரு?" என்றாள். டாக்டர் ஜோக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளில் ஒருவன். அரசியல் கார்ட்டூனில் கூட்டத்தின் கடைசியில் ஒருவன். கல்யாணப் பந்தியில் இலை முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பவன். எல்லாம் ஒரே முகம், என் சிநேகிதன் முகம். தலையில் ஈரம். நான் அவனை வரைந்த நினைவே எனக்கு இல்லை. சத்தியமாக இல்லை. அவள் விரல் ஒவ்வொரு படமாக நகர்ந்துகொண்டிருந்தது. "ஆபீஸ்ல இருக்கிற ஒருத்தர்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

அவன் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதாவது, அந்தப் புத்தகத்துச் சிப்பாய் என்ன பேசுகிறான் என்று. அடையாறில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மையார் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கணவரோடு அந்த ஊரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். புத்தகத்தை நீட்டினேன். வாங்கினார், புரட்டினார், மூடினார், திருப்பிப் பிடித்து மறுபடி திறந்தார்.

"சார், நீங்க பின்னாலேர்ந்து பார்த்திருக்கீங்க. அவங்க வலது பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க. கட்டமும் வலதுலேர்ந்து இடது. இதான் முதல் பக்கம்" என்று சிரித்தார்.

முதல் பக்கத்தில் அம்மா வாசலில் நின்றாள்.

அவருக்கு நல்ல மனசு. என் முகத்தைப் பார்த்து, மொழி தெரியாதவன் வெட்கப்படுகிறான் என்று நினைத்து, பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகச் சொன்னார். வாசலிலிருந்து கிளம்புகிறான். ரயில் ஏறுகிறான். சோறு தின்கிறான். இன்னொரு சிப்பாயிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே போகிறான். நிற்கிறான். "பேச்சு அதிகம் இல்ல சார். குளிரா இருக்கு, குளிரா இருக்கு, அவ்வளவுதான் சொல்றான்." பனி கொட்டுகிற பக்கத்தில் பெரிதாக இருந்த எழுத்துகளைக் காட்டி, இது என்ன சத்தம் என்று கேட்டேன். "இது சத்தம் இல்ல. சத்தமே இல்லைங்கறதுக்கு அவங்க ஒரு எழுத்து வச்சிருக்காங்க" என்றார். கடைசிப் பக்கத்தை அவர் திருப்புவதற்கு முன்பே அவன் பனியில் குப்புறக் கிடக்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காபி கொடுத்தார். டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்திலிருந்து திறந்தாலும் அவன் செத்துத்தான் போனான். இடமிருந்து வலம் பார்க்கலாமென்று கண்ணைப் பழக்கிப் பார்த்தேன். நடக்கவில்லை. தெரிந்துவிட்டால் தெரிந்ததுதானே.

மார்கழி வந்தது. மயிலாப்பூரில் மார்கழி விடியற்காலை என்றால் ஊரே குரங்குக் குல்லாயில் இருக்கும். வேர்க்காத குளிர் என்பதைத் தவிர அதைக் குளிர் என்றே சொல்ல முடியாது, ஆனாலும் மாமாக்கள் காதை மூடிக்கொண்டு, கழுத்தில் மஃப்ளரோடு மாட வீதியில் பஜனை பாடிக்கொண்டு வருவார்கள். பால் வாங்கப் போனவன் தெருமுனையில் நின்றுவிட்டேன். பனியில் நாங்கள் இருந்த மாதிரியே, குல்லாய்க்குள் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற முப்பது பேர் என்னை நோக்கி வருகிறார்கள். முப்பது பேரும் அவனாக இருந்தார்கள். பால் பாத்திரத்தோடு ஓடினேன். முப்பத்திரண்டு வயசு ஆள், பட்டாளத்தில் இருந்தவன், பஜனைக் கோஷ்டியைப் பார்த்து ஓடினான் என்று அந்தத் தெருவில் ரொம்ப நாள் பேச்சு இருந்தது.

அன்றைக்குத்தான் மனைவியிடம் சொன்னேன். காவல் என்னுடையது, நான் அவனை அனுப்பினேன், அவன் சாப்பிடாமல் போனான், ஞாயிற்றுக்கிழமை மீன் அவன் அம்மாவிடம்தான் வாங்குகிறேன் என்று. அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பால் ஒரு சொட்டு மிச்சமில்லை. "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த அம்மாகிட்டன்னா சொல்லணும்? மீன் வாங்கிண்டே காலத்தை ஓட்டிடலாம்னு பாக்கறேளா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். எனக்கு அது தேவையாக இருந்தது.

ஆனாலும் நான் கோழை. வாயால் சொல்வதற்குப் பதில் படமாகப் போட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். அடுத்து வந்த தீபாவளி மலருக்கு ஆறு பக்கம் படக்கதை கேட்டிருந்தார் ஆசிரியர். அசட்டு மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வருவது மாதிரி ஏதாவது கலகலப்பாக வேண்டும் என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தது கூடாரத்தில் இரண்டு சிப்பாய்கள். ஒருவன் படம் போடுகிறான், ஒருவன் தட்டை மூடி வைக்கிறான், விசில் மாட்டிக்கொள்கிறான், போகிறான். பேச்சே இல்லை. நாலாம் பக்கம் முழுக்கப் பனி.

ஆசிரியர் நாலாம் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மிலிட்டரி, இது அச்சாகலைன்னு ஜனங்க மலரைக் கடைல திருப்பிக் குடுப்பாங்கய்யா." அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி பார்த்தார். "தீபாவளி அதுவுமா" என்றார். போட்டுவிட்டார். ஏன் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலர் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். மழை விட்டிருந்தது. படகுகள் கரையேறி வியாபாரம் முக்கால்வாசி முடிந்துபோயிருந்தது. அவள் பலகையில் கொஞ்சம் காரப்பொடி மீன் மட்டும் மிச்சம். பக்கத்தில் ஒரு கல்லைத் தள்ளிப் போட்டு, "குந்து நைனா" என்றாள். மலரை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தில்லாத கதைதானே, பார்த்தால் புரிந்துவிடும், நான் எதுவும் பேச வேண்டியதில்லை என்பதுதான் என் திட்டம்.

"தோ கீறான் எம்புள்ள" என்றாள். முதல் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். விரல் அவன்மேல் நின்றது. "இது நீ. நீ இன்னா பண்ணிகினு கீற?"

"படம் போடறேம்மா."

"இவன் எங்க போறான் துன்னாம?"

படத்தில்தான் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காவலுக்குப் போறான். அது என் டியூட்டிம்மா. அவனுது இல்ல. படம் பாதியில நிக்குதுன்னு நான்தான் அவனைப் போகச் சொன்னேன்."

சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் தொண்டையில் இருந்தது இரண்டு வரியில் முடிந்துபோயிற்று. ஒரு நாய் வந்து மீன் பலகையை முகர்ந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"நீ தொரத்துனியா, அவனா போனானா?"

"கேட்டேன். சிரிச்சிக்கிட்டே போனான்."

"போவான்" என்றாள். "யாரு கேட்டாலும் போவான். அது அவன் கொணம்." அழுதாள். சத்தம் போடாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள். நானும் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. இனி இங்கே வந்து நிம்மதியாக மீன் வாங்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். பனிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ஐந்தாம் பக்கத்துக்கு வந்தாள். அதில் இரண்டே கட்டங்கள். முதல் கட்டத்தில் கூடாரத்துக்குள் நான், கையில் பென்சில், தலை நிமிர்ந்திருக்கிறது. வெளியே சத்தம் கேட்டுவிட்டது. இரண்டாவது கட்டத்தில் நான் வெறுங்கையோடு பனியில் ஓடுகிறேன். நகத்தில் மீன் செதில் ஒட்டியிருந்த விரலை அவள் முதல் கட்டத்தில் வைத்தாள். மெல்ல நகர்த்தினாள். இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் விட்டிருந்த வெள்ளைப் பட்டையில் விரல் நின்றது.

"இங்க இன்னா?" என்றாள்.

"அது ஒண்ணுமில்லம்மா. ஒரு கட்டத்துக்கும் இன்னொரு கட்டத்துக்கும் நடுவுல விடற எடம்."

"ஒண்ணுமில்லன்னா? இதுல சத்தம் கேட்டுக்கினு கீற. இதுல ஓடிக்கினு கீற. நடுவுல இன்னா பண்ண?"

படக்கதை பார்த்துப் பழகின யாருமே அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஆசிரியர் தாண்டிப் போனார், மனைவி தாண்டிப் போனாள், மலர் வாங்கின அத்தனை பேரும் தாண்டிப் போனார்கள். அந்த வெள்ளையைத் தாண்டிவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மனைவியிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். பனி பொத்தென்று விழும் சத்தம் அங்கே தினமும் கேட்கும், யாரும் எழுந்திருக்க மாட்டோம். ஆனால் அன்றைக்கு அந்தச் சத்தத்தோடு ஒரு விசில் கேட்டது. பாதி விசில். ஆரம்பித்து, நின்றுபோயிற்று. என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஹவில்தாரின் மீசையில் ஒரு பக்கம் முடிந்திருந்தது, இன்னொரு பக்கம் பாக்கி. நான் அந்தப் பக்கத்தைப் போட்டேன். இரண்டும் ஒரே அளவாக வந்திருக்கிறதா என்று காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் ஓடினேன். பனிக்குள் புதைந்தவனுக்குக் கொஞ்ச நேரம்தான் கெடு, அது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நாங்கள் எடுத்தபோது அவன் கழுத்தில் இன்னும் சூடு இருந்தது.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்வேன் என்றிருந்தேன். அவள் மலரை மடியில் நேராக வைத்தாள்.

"பனிக்குள்ள மூச்சு இருக்குமா?"

"கொஞ்ச நேரம் இருக்கும்மா."

"தண்ணில முங்கினா எம்புள்ள சீக்கிரத்துல எந்திரிக்க மாட்டான். எண்ணிக்கினே நிப்பேன் கரைல, பயந்துகினு" என்றாள். பிறகு அந்த வெள்ளைப் பட்டையை விரலால் தட்டினாள். "அந்த மீசைய இங்க போடு. அன்னிக்கு எப்டி போட்டியோ அப்டியே போடு. எந்நேரம் ஆவுதுன்னு நான் பாக்கணும்."

என் சட்டைப் பையில் பேனா இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், அவள் பார்த்துவிட்டாள். மூடியைத் திறந்தேன். அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்குப் புரிந்தது. வேகமாகப் போட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, ஆனால் கையை ஏமாற்ற என்னால் முடியவில்லை. மூக்குக்குக் கீழே ஆரம்பித்தேன். கன்னம்வரை கொண்டுபோனேன். ஒவ்வொரு மயிராகப் போட்டேன், அன்றைக்குப் போட்ட மாதிரியே. அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. முகம் கருத்தது. பாதியில் நிறுத்தப் பார்த்தேன், அவள் தலையை ஆட்டினாள், போடு என்று. நுனியை முறுக்கினேன். மலரைத் தள்ளிப் பிடித்து, அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்த்த மாதிரியே பார்த்தேன், அதையும் செய்தேன்.

பேனாவை எடுத்துவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் மூச்சை விடவில்லை.